வலையின் ஒரே பக்கத்தில்: பாரிஸ் உள்ளக அரங்கில் ஓர் இந்திய - பாகிஸ்தான் சோடி

டெனிஸ் இரட்டையர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஒருவர் பின்கோட்டில் நின்று பந்தை சேர்வ் செய்யத் தயாராகிறார். அவரது கூட்டாளி வலைக்கு அருகில், அவருக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்கிறார். குனிந்தபடியே ஒரு கையைப் பின்னால் கொண்டுசென்று விரல்களால் ஏதோ சைகை காட்டுகிறார். எதிரணிக்கு அது தெரியாது. பின்னால் நிற்பவருக்கு மட்டும் தெரியும். பந்தை எந்தப் பக்கம் அடிக்க வேண்டும், அடித்ததும் நான் எந்தப் பக்கம் பாய்வேன் என்பதுதான் அந்தச் சைகையின் பொருள். அதன்பின் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. மணிக்கு 200 கிலோமீற்றரை அண்மித்த வேகத்தில் பந்து தன் தலைக்கு மேலாகவோ தோளுக்கு அருகாகவோ போகப்போகிறது என்று தெரிந்தும், பின்னால் நிற்பவன் சொன்னபடி அடிப்பான் என்று நம்பி நிற்கிறார்.

2011 நவம்பரில் பாரிஸ் பேர்சி உள்ளக அரங்கில் இப்படி ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நின்ற ஒரு சோடியில், ஒருவர் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்தவர். மற்றவர் இந்தியாவின் குடகு மலைப்பகுதியைச் சேர்ந்த கோப்பித் தோட்டக்காரரின் மகன். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இரு நாடுகளும் ஒன்றோடொன்று கிரிக்கெட் தொடர் விளையாடுவதைக்கூட நிறுத்தியிருந்த காலம் அது.

எங்கள் ஊர்களில் டெனிஸ் பரவலான விளையாட்டு அல்ல. ஆனால் பூப்பந்தாட்டத்தில் இரட்டையர் ஆட்டம் ஆடியவர்களுக்கும், கரப்பந்தாட்டத்தில் வலையருகே நிற்பவர் பின்கையால் காட்டும் விரல் சைகையைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதாக இராது. டெனிஸ் ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 27 அடி. இரட்டையரில் இரு ஓரங்களிலும் நாலரை அடி அகலப் பட்டைகள் சேர்ந்து அது 36 அடியாகும். வலை நடுவில் 3 அடி, ஓரங்களில் மூன்றரை அடி உயரம்.

ஆடுகளம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது, ஆட்களோ இரட்டிப்பாகின்றனர். ஆகவே ஓடி ஓடி எதிராளியைக் களைக்கச் செய்வது இங்கு பெரிதாகப் பலிக்காது. வலையைக் கைப்பற்றுபவர்களே புள்ளியைக் கைப்பற்றுகிறார்கள். வலையருகே நிற்பவர் குறுக்கே பாய்ந்து, எதிரணி திருப்பி அடிக்கும் பந்தை நிலத்தில் படமுன்னரே வெட்டிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் அவர் பாய்ந்ததும் அவர் நின்ற இடம் வெளியாகிவிடும். அந்த இடத்தை மூடவேண்டியவர் பின்னால் நிற்பவர். ஒருவர் பாய மற்றவர் மூடாவிட்டால், அல்லது இருவருமே ஒரே பக்கம் ஓடிவிட்டால், எதிரணி சும்மா தட்டிவிட்டாலே போதும். இதனால்தான் அந்த விரல் சைகை. சில சோடிகள் கை காட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னர் வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு குசுகுசுப்பதையும் காணலாம்.

உள்ளக அரங்கில் இந்த விளையாட்டு இன்னும் கூர்மையாகிறது. காற்று இல்லை. கண்ணைக் குத்தும் வெயில் இல்லை. மேலே எறியும் பந்து எறிந்த இடத்திலேயே இறங்கும். நல்ல சேர்வ் உடையவர் அரங்கினுள் மேலும் நல்லவராகிறார். அடி சற்றுப் பிசகினால், காற்றின் மேலோ வெயிலின் மேலோ பழியைப் போட முடியாது. கூட்டாளிக்கும் அது தெரியும். பாரிஸ் சுற்றுப்போட்டி ஆண்டின் கடைசிப் பகுதியில் வருவது. பத்து மாதங்கள் ஊர் ஊராகத் திரிந்து உடல் சலித்த நேரத்தில், ஆண்டிறுதிப் போட்டிக்கான கடைசி இடங்களும் இங்குதான் தீர்மானமாகும்.

புள்ளி எண்ணும் முறையும் இரட்டையரில் வேறு. ஒற்றையரில் 40-40 என்று சமநிலை வந்தால் இரண்டு புள்ளிகள் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். பெரும்பாலான தொழில்முறை ஆண்கள் இரட்டையர் போட்டிகளில் அந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளிதான். அதை யார் திருப்பி அடிப்பது, வலப்பக்கத்தவரா இடப்பக்கத்தவரா என்பதை எதிரணி தெரிவு செய்யலாம். செட்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்றானால் மூன்றாவது செட் முழுமையாக ஆடப்படுவதில்லை. 10 புள்ளிகளுக்கான ஒரு குறுகிய ஆட்டமே வெற்றியைத் தீர்மானிக்கும். ஒன்றரை மணித்தியாலம் உழைத்ததை ஐந்து நிமிடத்தில் இழக்கலாம். 2000களின் நடுப்பகுதியில், ஆட்ட நேரத்தைக் குறைத்து ஒற்றையர் நட்சத்திரங்களை இரட்டையருக்கும் இழுக்கலாம் என்ற கணக்கில் கொண்டுவரப்பட்ட மாற்றம் இது. அப்போது இரட்டையர் வீரர்களின் இடங்களையே சுருக்கும் யோசனைகளும் வந்தன. 2005இல் பல வீரர்கள் சேர்ந்து தொழில்முறை டெனிஸ் நிர்வாகத்துக்கு எதிராக அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். பின்னர் சமரசம் ஏற்பட்டது. இன்றைக்கும் பரிசுத்தொகையில் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் பெரிய இடைவெளி. சோடிக்குக் கிடைக்கும் சிறிய தொகையையும் இருவர் பங்கிட வேண்டும்.

இந்த எளிய வாழ்க்கையில் இன்னொரு விசித்திரம் உண்டு. இரட்டையர் தரவரிசை தனித்தனி ஆளுக்கானது. ஒரு சுற்றுப்போட்டியில் இடம் கிடைக்குமா என்பதை இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். எனவே ஒவ்வொரு வீரரும் தன் எண்ணுக்குப் பொருந்திய எண் உள்ள கூட்டாளியைத் தேடுகிறார். வலப்பக்கம் ஆடுபவருக்கு இடப்பக்கம் ஆடுபவர் வேண்டும். சேர்வில் பலமுள்ளவருக்கு வலையருகே கை வேகம் உள்ளவர் வேண்டும். கடவுச்சீட்டின் நிறத்தை அந்தப் பட்டியல் கேட்பதில்லை. நாட்டின் பெயரால் ஆடும் டேவிஸ் கிண்ணம், ஒலிம்பிக் போன்றவையே விதிவிலக்கு. மற்ற வாரங்களில் பிரேசில்காரர் குரோஷியரோடும், கனடாக்காரர் சேர்பியரோடும் சேர்ந்து ஆடுவது சாதாரணம். ரோகன் போபண்ணாவும் ஐசாம் உல் ஹக் குரேஷியும் சேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். சமாதானத் தூதுவர்களாக வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியதல்ல அது. போபண்ணாவிடம் பெரிய சேர்வ் இருந்தது. குரேஷியிடம் எதிராளியின் சேர்வைத் திருப்பி அடிக்கும் திறனும் வலையருகே நிதானமும் இருந்தன. இருவரும் 1980 மார்ச்சில் இரு வாரங்களுக்குள் பிறந்தவர்கள். ஒருவர் ஹிந்தி என்றும் மற்றவர் உருது என்றும் சொல்லும் மொழியில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்வார்கள்.

குரேஷியின் குடும்பக் கதையிலேயே எல்லை குறுக்கே ஓடுகிறது. அவரது தாய்வழிப் பாட்டனார் குவாஜா இப்திகார் அகமது, பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் முன்னணி டெனிஸ் வீரர். தாயார் பாகிஸ்தானின் முதல்தர வீராங்கனையாக இருந்தவர். அதாவது பாட்டனார் ஆடிய நாடும் பேரன் ஆடிய நாடும் ஒரே நிலத்தில் இருந்த வெவ்வேறு நாடுகள்.

கூட்டாளி காரணமாகக் குரேஷி சிக்கலில் மாட்டியது இந்தியரோடு சேர்ந்து அல்ல. 2002 விம்பிள்டனில் அவர் இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் ஹதாத் என்ற வீரருடன் இரட்டையர் ஆடினார். அவர்கள் மூன்றாவது சுற்று வரை போனார்கள். பாகிஸ்தான் விளையாட்டு அதிகாரிகள் தடை விதிப்போம் என்று எச்சரித்தனர். குரேஷி பின்வாங்கவில்லை, அதே ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலும் ஹதாத்துடன் ஆடினார். டெனிஸ் நிர்வாகம் அவ்விருவருக்கும் ஆதர் ஆஷ் மனிதாபிமான விருதை வழங்கியது.

பின்னர் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதல். இந்திய கிரிக்கெட் அணி தன் பாகிஸ்தான் பயணத்தை இரத்துச் செய்தது. அந்த இடத்தை நிரப்பச் சென்றது இலங்கை அணி. 2009 மார்ச் 3 அன்று லாகூரில், குரேஷியின் சொந்த நகரத்தில், அந்த அணியின் பேருந்து சுடப்பட்டது. பாதுகாப்புக்கு வந்த பாகிஸ்தான் பொலிசார் கொல்லப்பட்டனர். இலங்கை வீரர்கள் சிலர் காயமடைந்தனர். அதே மார்ச்சில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செய்தி வந்தபோது பலருக்கு அதைக் கேட்க வானொலிகூட இருக்கவில்லை.

அதன்பின் பல ஆண்டுகள் பெரிய அணிகள் பாகிஸ்தானுக்குப் போகவில்லை. போபண்ணாவும் குரேஷியும் சேர்ந்து முதல் பெரிய சம்பியன் பட்டத்தை வென்றது இந்தப் பின்னணியில், 2010இன் தொடக்கத்தில், ஜொகன்னஸ்பேர்க்கில். அந்த ஆண்டு விம்பிள்டனில் காலிறுதி. போரை நிறுத்துங்கள், டெனிஸ் ஆடத் தொடங்குங்கள் என்ற வாசகம் எழுதிய மேற்சட்டைகளை அணிந்து அவர்கள் களமிறங்கினர். செப்டெம்பரில் அமெரிக்கப் பகிரங்க இறுதியாட்டம். எதிரே அமெரிக்காவின் பிரையன் சகோதரர்கள். கருவிலிருந்தே சோடியாக வந்த இரட்டையர்கள். இரண்டு செட்டுகளும் 7-6 என்று சமன்முறிப்பு வரை போய்த் தோல்வி. ஆனால் பார்வையாளர் பகுதியில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இந்தியத் தூதுவரும் பாகிஸ்தான் தூதுவரும் அருகருகே இருந்து கைதட்டினர். ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கியை வாங்கிய குரேஷி, பாகிஸ்தானைப் பயங்கரவாத நாடு என்று மட்டும் பார்க்க வேண்டாம், அங்குள்ளவர்களும் சமாதானத்தையே விரும்புகிறார்கள் என்ற கருத்தில் பேசினார். தோற்ற களைப்போடு ஒருவன் தன் முழுச் சனத்தின் மேலும் ஒட்டப்பட்ட ஒரு சொல்லைக் கழற்றப் பார்த்தான். அந்தச் சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஆண்டு ஆதர் ஆஷ் விருது குரேஷிக்கு இரண்டாவது தடவையாகவும், போபண்ணாவுக்கு முதல் தடவையாகவும் கிடைத்தது.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சலிப்பு வரலாம். நியாயமானது. நல்லிணக்கம் என்ற பெயரில் மைதானத்துக்கு அழைத்து, ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவதை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். காணி திரும்பவில்லை; காணாமல் போனவர் பற்றிய பதிலும் இல்லை; புகைப்படம் மட்டும் பத்திரிகையில் வந்தது. போபண்ணா, குரேஷி விடயத்தில் எனக்கு மதிப்பு வருவது வேறு காரணத்துக்காக. அவர்களை எந்த அரசும் சேர்த்துவைக்கவில்லை. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒருவர் மற்றவரைவிட மேலே நின்று அழைக்கவும் இல்லை. இருவரும் ஆளுக்கு அரைவாசி உழைத்தார்கள், அரைவாசி எடுத்தார்கள். ஒருவர் சறுக்கினால் மற்றவரின் வருமானமும் போகும். சமமாக நிற்பவர்களுக்கு இடையில் மட்டுமே வரக்கூடிய ஒன்று அது.

வாகா எல்லையில், வலையைச் சரியாக எல்லைக்கோட்டின் மேல் கட்டி, ஒருவர் அந்தப் பக்கமும் மற்றவர் இந்தப் பக்கமும் நின்று ஒரு காட்சி ஆட்டம் ஆட வேண்டும் என்று இருவரும் விரும்பினர். பல இடங்களில் அதைச் சொல்லியும் வந்தனர். நடக்கவில்லை. அங்கே மாலைதோறும் இரு நாட்டுப் படையினரும் காலை உயர்த்தி நிலத்தில் அடிக்கும் கொடியிறக்கும் காட்சி மட்டும் தவறாமல் நடந்து வந்தது.

இனி பேர்சிக்கு வருவோம். பாரிஸின் 12ஆம் வட்டாரத்தில், செய்ன் நதிக்கரையில் 1984இல் திறக்கப்பட்ட அரங்கு அது. வெளிச்சுவர்கள் சரிவாக எழுந்து புல் போர்த்தியிருக்கும். தூரத்தில் பார்த்தால் மேடு ஒன்றின் மேல் கூரை வைத்தது போல் தெரியும். எங்களவர் கடை பரப்பியிருக்கும் லாச்சப்பலில் இருந்து மெட்ரோவில் போனால் அதிக நேரம் எடுக்காது. 1986 முதல் அங்கே நடந்துவந்த சுற்றுப்போட்டி, கிராண்ட்ஸ்லாம்களுக்கு அடுத்த நிலையில் உள்ள மாஸ்டர்ஸ் வரிசையைச் சேர்ந்தது.

2011இல் சில வாரங்களுக்கு முன்னர்தான் போபண்ணாவும் குரேஷியும் இன்னொரு உள்ளக அரங்கான ஸ்டொக்ஹோமில் வென்றிருந்தனர். பேர்சி இறுதியாட்டத்தில் அவர்களுக்கு எதிரே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்: ஜூலியன் பெனெட்டோ, நிக்கொலா மஹூ. மஹூவை நினைவிருக்கும், முந்திய ஆண்டு விம்பிள்டனில் மூன்று நாட்களாக 11 மணித்தியாலத்துக்கும் மேல் ஆடித் தோற்றவர் அவர்தான். கூட்டம் முழுக்க உள்ளூர்க் கூட்டம். 6-2, 6-4. மூன்றாவது குறுகிய ஆட்டத்துக்குத் தேவையே வரவில்லை. இருவரும் சேர்ந்து வென்ற முதல் மாஸ்டர்ஸ் பட்டம் அது. ஆண்டிறுதியில் எட்டுச் சோடிகள் மட்டும் ஆடும் லண்டன் போட்டியிலும் இடம் கிடைத்தது.

உச்சத்தில் நின்ற அந்தச் சோடியை அடுத்த ஆண்டில் காணவில்லை. சண்டை எதுவும் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தது. ஒலிம்பிக்கில் ஒரே நாட்டவர்தான் சோடி சேரலாம். அதற்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும் என்று போபண்ணா, மூத்த இந்திய வீரர் மகேஷ் பூபதியுடன் சேர்ந்தார். குரேஷி நெதர்லாந்தின் ஜோன் ஜூலியன் ரோஜரோடு போனார். நாடு என்ற கோடு அவர்களுக்குள் விழுந்தது இப்படித்தான். வெறுப்பால் அல்ல, ஒரு விதியால்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. ஒரே நாட்டவர் என்று சேர்க்கப்பட்டவர்களால் ஒன்றாக நிற்க முடியவில்லை. இந்திய டெனிஸ் சங்கம் லியாண்டர் பயஸுடன் பூபதியை ஆடச் சொன்னது, பூபதி மறுத்தார். போபண்ணாவை ஆடச் சொன்னது; அவரும் மறுத்தார். பத்திரிகைகளில் வாரக்கணக்கில் சண்டை. கடைசியில் இரண்டு அணிகளாக அனுப்பினார்கள். பூபதியும் போபண்ணாவும் இரண்டாவது சுற்றில் பிரெஞ்சுச் சோடி ஒன்றிடம் தோற்றனர். அந்தச் சோடியில் ஒருவர், முந்திய ஆண்டு பேர்சியில் தோற்ற பெனெட்டோ. பதக்கம் எதுவும் வரவில்லை.

2012 நவம்பரில் மறுபடியும் பேர்சி. இரட்டையர் இறுதியாட்டத்துக்கு வந்த இரண்டு சோடிகள்: பூபதி - போபண்ணா, குரேஷி - ரோஜர். பட்டத்தை வைத்திருந்த இருவரும் அதே அரங்கில், இப்போது வலையின் இரு பக்கங்களில். ஒருவரின் சைகையை மற்றவர் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர்; எந்த நேரத்தில் யார் எங்கே பாய்வார் என்று அறிந்தவர். முதல் செட் சமன்முறிப்புக்குப் போனது. 7-6, 6-3 என்று போபண்ணாவின் பக்கம் வென்றது. டெனிஸில் ஆட்டம் முடிந்ததும் நான்கு பேரும் வலைக்கு வந்து கைகொடுக்க வேண்டும். அவர்களும் வந்தார்கள்.

2014இல் மீண்டும் சேர்ந்து டுபாயில் ஒரு பட்டம் வென்றார்கள். முன்பிருந்த வேகம் திரும்பவில்லை; மீண்டும் பிரிந்தார்கள். எல்லையின் கதை தன் பாட்டில் போனது. 2019இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த இந்திய - பாகிஸ்தான் டேவிஸ் கிண்ணப் போட்டி, பாதுகாப்புக் காரணம் சொல்லி கஸகஸ்தானுக்கு மாற்றப்பட்டது. தன் நாட்டு மண்ணில் ஆட முடியாதென்றால் ஆடவே மாட்டேன் என்று குரேஷி விலகிக்கொண்டார். இஸ்ரேலியரோடும் இந்தியரோடும் தோளோடு தோள் நின்ற அதே மனிதர்தான். அதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. கூட்டாளியாக இருக்கச் சம்மதிப்பவர், தன் வீட்டுக்கு வர மறுப்பதை அவமதிப்பாக எடுப்பார்.

2024 பெப்ரவரியில், 1964க்குப் பிறகு முதற்தடவையாக இந்திய டேவிஸ் கிண்ண அணி பாகிஸ்தான் போனது. 43 வயதிலும் குரேஷி ஒற்றையர் ஆடினார். எதிரே சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதன். முதல் செட்டை குரேஷி எடுத்தார். இரண்டாவதும் சமன்முறிப்பு வரை போனது. மூன்றாவதில் உடல் விட்டுவிட்டது, 6-0. இந்தியா அந்தப் போட்டியை முழுமையாக வென்றது. டேவிஸ் கிண்ணத்திலிருந்து முந்திய ஆண்டே ஓய்வு பெற்றிருந்த போபண்ணா அந்த அணியில் இல்லை. பழைய கூட்டாளியின் நாட்டில் அவர் ஆடும் சந்தர்ப்பம் அப்படிக் கடந்துபோனது. அதே மாதம் குரேஷி பாகிஸ்தான் டெனிஸ் சம்மேளனத்தின் தலைவரானார்.

போபண்ணாவின் பின்வயதுக் கதை தனியே எழுத வேண்டியது. 2023இல் அவுஸ்திரேலியாவின் மத்தியூ எப்டனுடன் மறுபடி பேர்சி இறுதியாட்டம் வரை வந்து, 10 புள்ளிக் குறுகிய ஆட்டத்தில் தோற்றார். 2024 ஜனவரியில், அவருடனேயே அவுஸ்திரேலியப் பகிரங்கப் பட்டத்தை வென்று, 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். அந்த வயதில் வேறு எவரும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை.

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் தாக்கிக்கொண்டன. செப்டெம்பரில் டுபாயில் நடந்த ஆசியக் கிண்ண கிரிக்கெட்டில் இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைகொடுக்காமல் மைதானத்தை விட்டுப் போனார்கள். அதற்கு ஆறேழு வாரங்களின் பின்னர் பாரிஸ் மாஸ்டர்ஸ் வந்தது. இம்முறை பேர்சியில் அல்ல. நகரின் மேற்கே, லா டிபொன்ஸில் உள்ள பெரிய அரங்கில். போபண்ணா கஸகஸ்தானின் அலெக்ஸாண்டர் பப்ளிக்குடன் சேர்ந்து ஆடி முதற்சுற்றிலேயே தோற்றார். நவம்பர் முதலாம் திகதி, 45 வயதில், ஓய்வை அறிவித்தார்.